ஒன்றாம் எண்

“இதுக்கு ஒண்ணுன்னு நம்பர் போடுங்க” என்று பொன்னுரங்கம் பழைய புத்தகம் ஒன்றை மெஹருன்னிசாவின் மேசைமேல் வைத்தார்.

அவர் தேசிய நூலகத்தின் இயக்குநர். எட்டு மாதம் முன்பு துறைமுகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நூலகம் என்றால் என்ன என்பதை, புதிதாக வரும் புத்தகங்களுக்கு எண் போடும் இந்தப் பெண்ணிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார். அவளுக்கு அவர் வயதில் பாதி.

“ஒண்ணு ஏற்கெனவே இருக்கு சார்.”

“எங்கே இருக்கு? அலமாரியில அதோட இடத்துல மரக்கட்டைதான் நிக்குது. எடுத்துட்டுப் போனவர் சீட்டு எழுதி வச்சுத் தொண்ணூத்திரெண்டு வருஷம் ஆச்சு.”

“படிச்சிட்டிருக்கார்.”

“செத்திருப்பாரும்மா.”

“சீட்டுல அப்படி எழுதலையே.”

“துறைமுகத்துல ஒரு கப்பல் இப்படிப் போயிருந்தா எங்களைச் சும்மா விட்டிருப்பாங்களா?”

“கப்பலைப் படிக்க எடுத்துட்டுப் போக மாட்டாங்க சார்.”

பொன்னுரங்கம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

மறுநாள் நூற்றாண்டு விழா. நூலகம் தொடங்கிய ஒற்றை அறை, பிறகு மாறிய ஓட்டுக் கட்டடம், இப்போதுள்ள ஏழு மாடி, எல்லாம் படங்களாகக் கண்காட்சிச் சுவரில் ஏறிவிட்டன. வாசலருகே முதல் கண்ணாடிப் பெட்டி மட்டும் காலி. அமைச்சர் அங்கேதான் முதலில் நிற்பார்.

“அதே புத்தகம், அதே பதிப்பு. நாலு ஊர் அலைஞ்சு வாங்கினேன். முதல் புத்தகமே இல்லாம வரலாறுன்னு எதைக் காட்டுறது? என் மானம் போயிடும்.”

மெஹருன்னிசா எண் அடிக்கும் கருவியை எடுத்தாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்று கூடும் கருவி. அதற்குக் கீழே இறங்கத் தெரியாது.

அட்டையைத் திறந்து அழுத்தினாள்.

21,40,663.

“என்னம்மா இது?”

“இன்னிக்கு வந்த புத்தகம் சார்.”

“நாளைக்கு அமைச்சர் கேட்டா நான் என்ன சொல்ல?”

“என்ன கேட்பார்?”

“இந்தப் புத்தகத்துல என்ன இருக்குன்னு கேட்பார்.”

“என்ன இருக்கு சார்?”

நாலு ஊர் அலைந்தவர் ஒரு பக்கம்கூடப் புரட்டியிருக்கவில்லை.

மெஹருன்னிசா அடுத்த புத்தகத்துக்கு எண் போட்டாள். அதற்கடுத்ததற்கும்.

கண்காட்சிக்கு விளக்கு அமைக்கும் அந்தோணி கதவருகே வந்து நின்றார்.

“சார், மத்த பெட்டிக்கெல்லாம் விளக்குப் போட்டாச்சு. முதல் பெட்டி காலியா இருக்கே?”

“அதுக்கும் போட்டுடுங்க.”

அந்தோணி போனார்.

பொன்னுரங்கம் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஈரத்தில் ஒட்டிப் போயிருந்த முதல் இரண்டு தாள்களை நகத்தால் மெல்லப் பிரித்தார்.