ராஜினாமாவை வாங்கிக்கொண்டார்கள்

“வேலையை விடறேன்னு எழுதிக் கொடுத்தேன் டீச்சர். அவர் வாங்கிக்கிட்டார்,” என்றான் தணிகைவேல்.

“குடுத்தா வாங்குவினம்தானே அண்ணா,” என்றாள் தர்சிகா.

“கையெழுத்தும் போட்டுட்டார்.”

“ஓம். போடுவினம்.”

“ஏன்னு ஒரு வார்த்தை கேட்கலை.”

“நீங்கள் காரணம் எழுதினனீங்களோ?”

“சொந்தக் காரணம்னு எழுதினேன்.”

“பிறகென்ன.”

பனி பெய்தது.

ஆஸ்திரேலியாவில் ஏது பனி என்று கேட்பீர்கள். இருக்கிறது. தெற்கே மலைகள் இருக்கின்றன. ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை ஜனங்கள் அங்கே போய்ச் சறுக்குவார்கள். அவர்களுக்குச் சமைக்க, படுக்கை விரிக்க, மலைமேல் ஏற்றிவிட, பல தேசத்துப் பிள்ளைகள் ஒரு பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வருவார்கள். பனி உருகினால் அவரவர் ஊர்.

தணிகைவேல் அரக்கோணம். முப்பது வயது. அதற்குமேல் போனால் இந்தப் பருவ வேலைக்கு விசா கிடையாது. சேர்லிஃப்டுக்கு அடியில் நிற்பது அவன் வேலை. கம்பியில் தொங்கிக்கொண்டு நாற்காலி வரும். பிடிக்க வேண்டும். ஆளை உட்கார்த்த வேண்டும். விட வேண்டும். அடுத்தது வரும்.

தர்சிகாவுக்கு இருபத்து மூன்று. அப்பா அம்மா பருத்தித்துறை. இவள் பிறந்தது நார்வே. நடக்கப் பழகிய கையோடு சறுக்கப் பழகியவள். இந்த மலையில் சறுக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். வியாழக்கிழமை மதியம் வேலையாட்களுக்கு இலவச வகுப்பு. ஏழு வியாழன் நடந்தது. விடாமல் வந்தவன் இவன் ஒருவன்தான்.

பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவனுக்கு வாய் வரவில்லை. டீச்சர்தான்.

“பஸ் எப்ப?” என்று கேட்டாள்.

“சனிக்கிழமை காலையில. பதினொரு மணி.”

“அப்ப இதுதான் கடைசி வகுப்பு. சறுக்குக் கட்டையைக் காலில கொழுவுங்கோ.”

“டீச்சர், நான் போறதுக்காக எழுதிக் கொடுக்கலை.”

அவள் திரும்பினாள். “விளங்கேல்லை.”

“‘என்னப்பா ஆச்சு, இரு’ன்னு சொல்வார்னு நினைச்சேன்.”

“ஆர்?”

“மேனேஜர்.”

“சொன்னா?”

“‘இல்ல சார், கிளம்பறேன்’னு சொல்வேன்.”

“பிறகு?”

“திரும்பச் சொல்வார். நான் திரும்பவும் மாட்டேம்பேன். மூணாவது தடவை, சரி சார், உங்களுக்காக இருக்கேன்னுடுவேன்.”

தர்சிகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்பிடி எங்கயாவது நடந்திருக்கோ?”

“ரெண்டு கம்பெனியில நடந்திருக்கு. ஒண்ணுல சம்பளம் ஏத்திக் கொடுத்தாங்க.”

“இவர் என்ன சொன்னவர்?”

“நோ வொரீஸ்னார்.”

அவள் குனிந்து தன் காலணியைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

“இருக்க விருப்பமெண்டா ஏன் எழுதினனீங்கள்?”

“மனசு விட்டுப்போச்சு டீச்சர். ஏழு வாரம் ஆச்சு. ஒரே வீட்டுல பன்னெண்டு தேசத்து ஆளுங்க. எனக்கு ஒரு நண்பன் கிடையாது. எல்லாரும் ஒண்ணாப் போறாங்க, ஒண்ணா வர்றாங்க. பாவ்லோ, அதான் அர்ஜென்டினாக்காரன், சமையல்கட்டுல பாத்திரம் கழுவறானே, என் கட்டிலுக்கு மேல் கட்டில்ல படுக்கறான். அவனும்கூட என்னைச் சேர்த்துக்கலை.”

“கூப்பிடேல்லையோ?”

“கூப்பிட்டான். முதல் வாரம். நெருப்பு மூட்டி இறைச்சி சுடறோம், வர்றியான்னான்.”

“ம்.”

“இல்ல, பரவாயில்லைன்னேன்.”

“ம்.”

“போயிட்டான்.”

“ம்.”

“நான் சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன் டீச்சர்.”

அவள் லிஃப்டை நோக்கிச் சறுக்கினாள். அவன் பின்னால் தத்தினான்.

இரண்டு பேர் உட்காரும் நாற்காலி. சேர்ந்துதான் உட்கார வேண்டும். ஏழு வாரமாக அடுத்தவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி உட்கார்த்தியவன் அவன்.

நாற்காலி வந்தது.

“நீங்க முதல்ல உட்காருங்க டீச்சர்,” என்று கையைக் காட்டினான்.

நாற்காலி அவன் முழங்காலுக்குப் பின்னால் அடித்து அவனை வாரிக்கொண்டு போனது. அவள் எப்படியோ பக்கத்தில் தொற்றி உட்கார்ந்து, அவனுடைய கோட்டைப் பிடித்து நேராக்கினாள்.

பாதி மலை ஏறியதும் பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தாள்.

“சூடாச் சொக்லேட் இருக்கு. வேணுமோ?”

“பரவாயில்ல டீச்சர்.”

ஊற்றிக் குடித்தாள். மறுபடியும் ஊற்றிக் குடித்தாள். ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் உதறிக் குடித்தாள்.

அவன் மதியம் சாப்பிடவில்லை. வாசனை காற்றில் அவன் பக்கம்தான் வந்தது.

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு தலையை ஆட்டினான்.

“புரிஞ்சுது டீச்சர்.”

“என்ன?”

“நாக்கை அடக்கணும். அதானே சொல்றீங்க?”

“எனக்குச் சொக்லேட் விருப்பம்,” என்றாள் தர்சிகா. “அவ்வளவுதான்.”

மலை உச்சியில் காற்று அறுத்தது. அவன் கையுறை நனைந்து பிழிந்த துணிபோல் இருந்தது. அவள் பார்த்தாள். பையைத் திறந்தாள்.

“காஞ்ச கையுறை ஒரு சோடி இருக்கு. வேணுமோ?”

“ஐயோ, வேண்டாம் டீச்சர். நீங்க வச்சுக்குங்க.”

அவள் அதைத் திரும்ப உள்ளே வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

அவன் ஜிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது திறக்கவில்லை.

இறங்கினார்கள். நான்கு இடத்தில் விழுந்தான். நான்காவது தடவை விழுந்தபோது விரல்கள் இருக்கின்றனவா என்று பல்லால் கடித்துப் பார்த்தான்.

“டீச்சர், இது உடம்பை வருத்திக்கற பயிற்சியா?”

“எது?”

“கையுறை.”

“விறைக்குதோ?”

“விறைக்குது.”

“அப்ப ஏன் வேண்டாம் எண்டனீங்கள்?”

“சும்மா சொன்னேன்.”

“சும்மா எண்டா?”

பனியில் உட்கார்ந்தபடியே விளக்கப் பார்த்தான். லேசில் விளக்க முடிகிற சங்கதியா அது.

“முதல்ல வேண்டாம்னு சொல்றதுதான் மரியாதை.”

“உண்மையாவே வேண்டாமெண்டா என்ன சொல்லுவீங்கள்?”

யோசித்தான்.

“வேண்டாம்னுதான்.”

“அப்ப எனக்கு எப்பிடித் தெரியும்?”

“மூஞ்சியைப் பார்த்தாத் தெரியாதா?”

அவன் மூஞ்சியில் பெரிய கறுப்புக் கண்ணாடி இருந்தது. அதற்குக் கீழே துணி. துணிமேல் பனி.

அவள் அதைப் பார்த்தாள். வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஜப்பான் பிள்ளை ஒண்டு உங்கட வீட்டில இருக்கெல்லோ. அயுமி. அவவோட நல்லாக் கதைச்சனீங்கள்.”

“இப்பப் பேசறதில்ல. நான் சமையல் ரூமுக்குள்ள வந்தா அவ தட்டை எடுத்துக்கிட்டுத் தன் ரூமுக்குப் போயிடறா.”

“என்ன செய்தனீங்கள்?”

“நல்லதுதான் செஞ்சேன். ஒரு நாள் புளிசாதம் பண்ணி அவளுக்குப் போட்டேன். போதும்னா. இன்னொரு கரண்டி வச்சேன். போதும் போதும்னு ரெண்டு கையாலயும் தட்டை மூடினா. கையை நகர்த்திட்டு இன்னொரு கரண்டி வச்சேன்.”

“பிறகு?”

“ஒரு பருக்கை விடாமச் சாப்பிட்டா. அவங்க ஊர்ல தட்டுல மீதி வைக்க மாட்டாங்களாம்.”

“பிறகு?”

“அழுதா.”

“அழுதிட்டாவோ?”

“காரம்னு நினைச்சேன்.”

தர்சிகா முகத்தைக் கையுறைக்குள் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவளும் அழுகிறாளோ என்று அவன் பயந்தான்.

“என்னைப் பைத்தியம்னு நினைக்கிறீங்களா டீச்சர்?”

“இல்லை. எங்கட அம்மாவும் இப்பிடித்தான். ஒஸ்லோவில அவவுக்கு ஒரு சிநேகிதி இல்லை.”

அதற்குமேல் அவள் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

“உங்களுக்கு என்ன வேணும் அண்ணா?”

“நீங்களே சொல்லுங்க டீச்சர். நான் இருக்கட்டுமா, போகட்டுமா?”

அவள் கையிலிருந்த சறுக்குக் கோல் இரண்டையும் ஊன்றினாள். தள்ளினாள். போய்விட்டாள்.

வளைவில் நின்று திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தான். பார்க்கவில்லை. கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பனி மடியில் சேர்ந்தது. பிறகு கட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மலை முழுவதும் நடந்தே இறங்கினான்.

வெள்ளிக்கிழமை துணிகளை மடித்தான். நாள் முழுக்க அதே யோசனை. சொக்லேட் என்றால் என்ன. கையுறை என்றால் என்ன. நடு மலையில் ஓர் ஆளை விட்டுப்போனால் அதற்கு என்ன பொருள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு பொருள் வரவில்லை. பெட்டியைப் பூட்டினான்.

சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு பஸ் வந்து நின்றது. தர்சிகா நாலைந்து குழந்தைகளை வரிசையாக நடத்திக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள்.

“விட்டுட்டுப் போயிட்டீங்களே டீச்சர்,” என்றான்.

“கேட்டனான். நீங்கள் சொல்லேல்லை.”

“ஒரு தடவைதானே கேட்டீங்க.”

“ஓம்.”

“எனக்கு இன்னும் எதுவும் புரியலை.”

“பஸ் வந்திட்டுது அண்ணா,” என்றாள். குழந்தைகளை எண்ணிப் பார்த்தாள். ஒன்று குறைந்தது. தேடிப் பிடித்தாள். போய்விட்டாள்.

பாவ்லோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். தூக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. முன்கை இரண்டும் சோப்பு நுரை.

“தானி,” என்றான். தணிகைவேல் என்று அவனுக்கு வராது. “அந்த நாறுகிற மஞ்சள் பொடி டப்பாவை எடுத்துக்கிட்டியா?”

“பெருங்காயமா? எடுத்துக்கிட்டேன். இனி உனக்கு நிம்மதி.”

“அடடா. அதை எனக்குக் கொடுப்பேன்னு நினைச்சேன்.”

தணிகைவேல் அவனைப் பார்த்தான். கேலி செய்கிறானா என்று தெரியவில்லை. பாவ்லோ பெட்டியை பஸ்ஸின் வயிற்றுக்குள் தள்ளினான். நுரையோடு அவனைக் கட்டிப்பிடித்தான்.

“நீ போறது எனக்குப் பிடிக்கலை.”

“என்னது?”

“பிடிக்கலைன்னேன். உன் குறட்டை எனக்குப் பழகிப்போச்சு.”

“அப்போ ஏண்டா போகாதேன்னு சொல்லலை?”

பாவ்லோவுக்குக் கேள்வி விளங்கவில்லை. நெற்றியைச் சுருக்கினான்.

“போகணும்னு நீ எழுதிக் கொடுத்திருக்கே. நான் யார் தடுக்க?”

“நீ... நீ என் ஃபிரெண்டு இல்லையா?”

“ஃபிரெண்டுதான். அதனாலதான் பெட்டியைத் தூக்கறேன்.”

சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டான். பாத்திரம் கிடந்தது.

டிரைவர் புகைத்துக்கொண்டிருந்தார். ஐந்து விரலைக் காட்டினார்.

தணிகைவேல் படியில் ஒரு காலை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். பின்னால் நின்ற ஒரு கிழவி ஏறுவதானால் ஏறு என்றாள்.

இறங்கி ஓடினான். பனியில் ஓடக்கூடாது. விழுந்தான். எழுந்து ஓடினான்.

மேனேஜர் கிரெய்க் மேஜையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

“சார், நான் இருக்கணும்.”

“எங்கே?”

“இங்கேதான் சார். போகப் பிடிக்கலை. இருக்கணும்.”

கிரெய்க் மென்றார். விழுங்கினார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ராஜினாமாக் காகிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“லிஃப்டுக்கு நேத்தே ஆள் போட்டாச்சே.”

தணிகைவேல் நின்றான்.

“பாவ்லோவோட நின்னு பாத்திரம் கழுவ ஒரு ஆள் வேணும். சுடுதண்ணி, எண்ணெய், இடுப்பு ஒடியும். ரெண்டு பேர் ஓடிட்டாங்க. வேணுமா?”

அவன் பொறியியல் படித்தவன். வீட்டில் தன் காப்பி டம்ளரைக்கூடக் கழுவினதில்லை. ‘இல்ல, பரவாயில்ல’ என்று சொல்ல நாக்கு பழக்கத்தில் மேல் அண்ணத்தைத் தொட்டது.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

கிரெய்க் அடுத்த கடி கடித்தார். போன் மணி அடித்தது. கை போனுக்குப் போனது.

“ஏப்ரன் எங்க சார் இருக்கு?” என்றான் தணிகைவேல்.