அப்பன் காதில் வாங்காத சேதி

மானேஜர் சதானந்தத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் எழுதிய புரோகிராம் பெற்றுப்போட்ட பிள்ளை புரோகிராம்கள், வேலை முடிந்து செத்த பிறகும் அகலாமல் சர்வரை அடைத்துக்கொண்டு கிடந்தன.

“சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் கொன்னுடு. ஒண்ணு இருந்தாலும் நாளைக்கு நீ வர வேண்டாம்மா.”

புதிதாகச் சேர்ந்திருந்த பொற்கொடி எழுந்தாள். “செத்ததை எப்படி சார் கொல்றது?”

“என்னத்தையாவது பண்ணு!”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?” என்று சுற்றியிருந்தவர்களிடம் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கட்டளையைத் தட்டினாள். பிணங்கள் மொத்தமும் மறைந்தன. கூடவே சதானந்தத்தின் புரோகிராமும் நின்றுபோனது.

“ஐயோ, என் புரோகிராமையா கொன்னே?”

“‘முடிச்சுட்டேன்பா’ன்னு ஒவ்வொரு பிள்ளையும் சேதி அனுப்பிச்சுது சார். அப்பன், அதான் உங்க புரோகிராம், காதுல வாங்கல. அவன் வந்து பாக்காம பொணத்தை எடுக்க முடியாது. அப்பன் போனதும், சர்வரோட மூத்த புரோகிராம் தாத்தாவா வந்து எடுத்துடுச்சு.”

“மறுபடி ஓட்டு!”

“ஓட்டறேன். பிள்ளைங்க சேதியைக் கேக்கற வரியை மட்டும் உங்க புரோகிராம்ல எழுதி வைங்க சார். நாளைக்கு வந்து சரிபாக்கறேன்.”