பணிவுக்குப் பெயர்போனவள்

“அம்மா, என்னைப் பணிவானவள்னு இனிமே யாரும் சொல்லக் கூடாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்றாள் தையல்நாயகி.

சுந்தரவல்லி அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“வேற என்னன்னு சொல்றது?”

“பயந்தவள்னு சொல்லட்டும். அதுதான் உண்மை.”

ஆற்றோரம் இருந்த அந்தச் சின்ன மடத்தில் சுந்தரவல்லி அம்மா குரு, தையல்நாயகி சிஷ்யை. ஆனால் வயதில் சிஷ்யை ஒன்பது வருஷம் மூத்தவள். அதனால் சிஷ்யை குருவை அம்மா என்பாள். குரு சிஷ்யையை அக்கா என்பார். மடத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

தினமும் காலைப் பூசை முடிந்ததும் அம்மா ஒவ்வொருவர் நெற்றியிலும் தம் கையால் திருநீறு பூசுவார். தையல்நாயகியின் முறை வரும். அம்மாவின் கை உயர்ந்ததும் அவள் தலை மார்பு வரை தாழும். இடது கை தானாக எழுந்து காதை மூடும்.

பார்த்தவர்கள் உருகிப்போவார்கள். காதைப் பொத்துவதுகூட ஏதோ பழைய சம்பிரதாயம் என்று நினைத்தார்கள். இரண்டு பேர் தாங்களும் பொத்த ஆரம்பித்திருந்தார்கள்.

சும்மாவா, யார் பெற்ற பெண் என்பார்கள்.

பெற்றவர் கருணைக்கடல் வைகல்நாதனார். நாற்பது வருஷம் கோயில் கோயிலாகப் போய்க் கருணையைப் பற்றிப் பேசியவர். அவர் பேச்சைக் கேட்டுக் கறிக்கடைக்காரர் ஒருவர் கடையையே மூடினார் என்று சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம்.

வீட்டில், மகள் ஒரு பாட்டில் ஒரு சொல்லை மறந்தால் அறைவார். மறக்காமல் பாடினால், குரலில் பக்தி இல்லை என்று அறைவார். எட்டு வயதில் அவளுக்கு இடது காது போயிற்று. மறுநாள் மேடையில் அவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு குழந்தைகளைப் பற்றிப் பேசினார். சபை அழுதது.

இதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக இதை அம்மாவிடம் வாய்விட்டுச் சொன்ன தையல்நாயகியின் குரலில் ஆத்திரமே இல்லை.

“தெரியும்க்கா” என்றார் அம்மா. “இங்க வர்றதுக்கு முன்னாடி பத்து வருஷம் ஆஸ்பத்திரியில பிள்ளைகள் வார்டுல நர்ஸா இருந்தவ நான். அந்தக் கை எதுக்குக் காதுக்குப் போகுதுன்னு முதல் நாளே தெரியும்.”

“அப்ப ஏன் கேட்கலை?”

“நீங்களா சொல்லணும்னு இருந்தேன்.”

 அப்பாவை மன்னித்துவிட வேண்டுமா என்று தையல்நாயகி கேட்டாள்.

“அதை நான் எப்படிச் சொல்றது? அடி என்மேல விழலையே.”

அதற்குப் பிறகுதான் அவள் விஷயத்துக்கு வந்தாள். தை மாதம் அப்பாவுக்கு நூற்றாண்டு விழா. அவருக்கு மகன் இல்லாததால் வாரிசு என்று அவளுக்கு ஊர்க் கோயிலில் பரிவட்டம் கட்டப்போகிறார்கள். பெரிய காரியம் செய்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் கோயில் தருகிற முதல் மரியாதை அது. பட்டுத் துணியைத் தலையில் சுற்றிக் கட்டுவார்கள். கட்டுகிற கை உயரும். அவள் குனிவாள்.

“மூவாயிரம் பேர் பார்ப்பாங்க. அப்பா மேல எவ்வளவு பக்தின்னு பேசுவாங்க. நான் பட்ட அடியெல்லாம் அவருக்கே பெருமையாப் போயிடும். அதைத்தான் தாங்க முடியலைம்மா.”

“அப்ப போகாதீங்க.”

“போகலைன்னா, பணிவு காரணமா வரலைன்னு மைக்ல சொல்லிடுவாங்க.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல்நாயகியும் சிரித்தாள். இரண்டு பேரும் அரிசியைச் சிந்துகிற அளவுக்குச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அம்மா உள்ளே போய்த் திருநீற்றுத் தட்டைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

“நாளையிலேர்ந்து எல்லாருக்கும் நீங்க பூசுங்க.”

தையல்நாயகி வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். நீண்ட விரல்கள், அகன்ற உள்ளங்கை. அப்படியே அப்பாவின் கை என்று உறவுக்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பூரித்த கை.

“இந்தக் கை ஒருத்தர் முகத்துக்கு நேரா எழவே கூடாதுன்னு வச்சிருக்கேன்.”

“உங்க பையனை அடிச்சிருக்கீங்களா?”

அவள் மகன் தாயுமானவனுக்கு இருபத்தேழு வயது.

“ஒரு தடவைகூட இல்லை.”

“கோபமே வந்ததில்லையா?”

“தினமும் வந்துச்சு. அவன் அந்த மாதிரிப் பையன்.”

“கோபம் வந்தப்ப இந்தக் கை என்ன பண்ணுச்சு?”

இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவள் யோசித்துத்தான் சொன்னாள்.

“சமையக்கட்டு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கும். கோபம் போற வரைக்கும் விடமாட்டேன். வீட்டுல மத்த ஜன்னல்ல எல்லாம் பெயின்ட் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கம்பியில மட்டும் கிடையாது.”

 சன்னிதியைத் தவிர எங்கும் தலை வணங்காத அம்மா, தையல்நாயகியின் முன்னால் மண்டியிட்டு நெற்றியை நீட்டினார்.

“பூசுங்க.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு பூசினாள். திருநீறு பாதி அம்மாவின் மூக்கில் விழுந்தது. அம்மா கண் இமைக்காமல் இருந்தார்.

“ஒரு கேள்விக்கா. பதில் இப்ப வேண்டாம். உங்க குடும்பத்துல பெரிய காரியம் பண்ணினது யாரு?”

அப்பாதான் என்று சொல்லப் பழக்கத்தில் வாய் திறந்தது. அவள் அதை மூடிக்கொண்டு, திருநீறு படிந்த தன் கையைப் பார்த்தாள்.

மறுநாள் முதல் அவள் பூசினாள். முதல் வாரம் நெற்றியைத் தொடாமலே தூவினாள். அடுத்த வாரம் தொட்டாள். காதைப் பொத்திக்கொண்டு வந்த இருவரிடம், அடி விழாத காதைப் பொத்தாதீர்கள் என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை, ஆனால் கையை எடுத்துவிட்டார்கள்.

தை மாதம் வந்தது. தாயுமானவன்தான் காரில் அழைத்துப்போனான். முன் வரிசையில் உட்கார்ந்தான். மேடையில் வைகல்நாதனாரின் படம் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. விழாக் குழுத் தலைவர் பட்டுத் துணியை இரண்டு கையாலும் உயர்த்திக்கொண்டு அவளிடம் வந்தார்.

தலை தாழத்தான் செய்தது. நாற்பத்தைந்து வருஷப் பழக்கம் ஒரு மாதத்தில் போய்விடுமா? இடது கையும் காதுக்குப் போயிற்று. கூட்டம் உருகியது.

அப்போது அவள் வலது கை எழுந்தது. தலைவரின் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கியது.

அவள் நிமிர்ந்தாள்.

“குடுங்க. நானே கட்டிக்கறேன்.”

எதிரே மைக் ஓடிக்கொண்டிருப்பதைத் தலைவர் மறந்துவிட்டு அவளிடம் கெஞ்சினார். இது அப்பா செய்த பெரிய காரியத்துக்கான மரியாதை, குனிந்து வாங்கிக்கொள்வதுதான் முறை என்றார்.

“அவருக்குன்னா அந்தப் படத்துக்குக் கட்டுங்க. எனக்குன்னா, நானும் ஒரு பெரிய காரியம் பண்ணியிருக்கேன்.”

“என்னம்மா பண்ணீங்க?”

தையல்நாயகி பட்டை வாங்கித் தலையில் சுற்றி, இறுக்கி முடிந்தாள்.

“எங்கப்பா அடிச்சு எனக்கு ஒரு காது கேட்காது. இந்தக் கை அவர் கைதான். இதால என் பிள்ளையை நான் அடிக்கலை.”

ஒலிபெருக்கி அதை நாலு வீதிக்கும் கொண்டுபோயிற்று. 

முன் வரிசையில் தாயுமானவன் எழுந்து நின்றான்.

“ஆமாம்” என்றான்.