சலதாரையின் மறுவாய்

நெல் வணிகர் வயிரவர் முதுமையில் அழகம்மையாரிடம் சீடரானவர். அம்மையார் அவரினும் வயதில் இளையவர். ஆயினும் அந்த ஊரில் வயிரவர் எழுந்து நின்று வணங்குவது அவர் ஒருவரை மட்டுமே.

மழை ஓய்ந்த ஒரு காலையில் அம்மையார் அவர் வீட்டுக்கு வந்தார். கொல்லை முழுவதும் மழைநீரோடு கழிவுநீர் தேங்கி நின்றது. அதை வெளியேற்றும் சலதாரை அடைத்துக்கொண்டிருந்தது. வயிரவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதன் வாயில் மூங்கிற்கழியை விட்டு இடித்துக்கொண்டிருந்தார்.

"தாயே, நல்ல வேளையில் வந்தீர்கள். ஒன்று கேட்க வேண்டும்."

"கேளும்."

"என் மகள் தெய்வானை என்னைக் கேளாமல் மணம் செய்துகொண்டு போனாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு வீடு வந்து சேர் என்று மாதந்தோறும் ஆள் அனுப்புகிறேன். மறுமொழி இல்லை. இன்று மாலை அவள் குழந்தைக்குப் பெயர் சூட்டுகிறார்களாம். கடைசியாக ஒரு செய்தி அனுப்பப் போகிறேன். அவளால் மறுக்க முடியாத சொல் ஒன்றைத் தாங்கள்தாம் தர வேண்டும்."

அம்மையார் கழியைப் பார்த்தார்.

"எப்போதிருந்து இடிக்கிறீர்?"

"விடிந்ததிலிருந்து. இடிக்க இடிக்க இறுகுகிறது. என் மகளைப் போலவே பிடிவாதம்."

"மகள் யாரைப் போல?"

வயிரவர் இன்னும் வேகமாக இடித்தார்.

"போதும். வாரும்."

அம்மையார் கொல்லைக் கதவைத் திறந்து மதிலைச் சுற்றி நடந்தார். அப்பால் ஓடைப் பள்ளத்தில், புல் மூடிய இடத்தில், சலதாரையின் மறுவாய் இருந்தது. வயிரவர் அதைக் கண்டதே இல்லை.

"இறங்கும்."

"சேறாயிற்றே, தாயே!"

"சேறுதான்."

இறங்கினார். நின்றால் கை எட்டவில்லை. சேற்றில் முழந்தாளிட்டுத் தோள்வரை கையை உள்ளே விட்டார். வேரும் வைக்கோலும் சருகும் செங்கல்லாய்க் கெட்டிப்பட்டிருந்தன.

"இதை எது இப்படி இறுக்கியது, தாயே?"

"உம் கழி."

வயிரவர் ஒரு பிடியைப் பறித்தார். பின்னும் ஒரு பிடி. அடுத்ததற்கு அவர் கை தேவைப்படவில்லை. உள்ளே ஏதோ உறுமியது. அடைப்பு முழுவதும் தானே நகர்ந்து வந்து அவர் மார்பில் மோதிற்று. அதன் பின்னே கொல்லையில் நின்ற நீரெல்லாம் வந்தது. கருமையாய் வந்தது, பின் செம்மையாய், பின் வானம் தெரியும் தெளிவாய். அவர் இடுப்பைச் சூழ்ந்து முழங்கிக்கொண்டு ஓடையில் கலந்தது. வயிரவர் எழ மறந்தார்.

"நான் இழுக்கவே இல்லை, தாயே. அதுவே வந்தது."

"விடிந்ததிலிருந்து வரத்தான் முயன்றது."

வயிரவர் பாயும் நீரிலேயே சேற்றுக் கையைக் கழுவினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்படியானால் தெய்வானைக்கு என்ன சொல்லி அனுப்பட்டும்?"

"அவள் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது?"

அது அவர் அனுப்பும் ஆளுக்குத்தான் தெரியும்; வயிரவர் ஒருநாளும் அங்கே போனதில்லை.