மொட்டைவாலனைத் தேடிப் போனவ

படுத்தாச்சா? கால ஆட்டாத. தகரத்து மேல மழை தடதடன்னு விழுதுன்னா அது பாட்டுக்கு விழட்டும். அம்மா ஆஸ்பத்திரியிலதான இருக்கா. அப்பா பக்கத்துல இருக்கான், அம்மாச்சியும் கூட இருக்கா. நீ முழிச்சுக் கெடந்தா பாப்பா சீக்கிரம் வந்துருமா? கண்ண மூடு. நான் சொல்றேன், நீ ‘ம்’ கொட்டு. கொட்டலைன்னா நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு பாம்பு, ஒரு பால்மாவு டப்பாவுக்குள்ள குடியிருந்துச்சாம்.

“ம்.”

மலையில இருந்த ஊரு. அங்க பவுனுன்னு ஒரு சின்னப்புள்ள. பேரிக்கா காய்க்குமே, அந்தப் பேரிமரத்துக்குக் கீழ அவ அப்பா மண்ணக் கொத்தினாரு. சதக், சதக். அப்போ மண்ணாங்கட்டியோட ஒரு பாம்பு வந்து பொத்துன்னு விழுந்துச்சு. சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். கருப்பு. ஆனா வெயில் பட்டா தண்ணியில மண்ணெண்ணெய் சிந்துன மாதிரி பச்சையும் ஊதாவுமா மின்னும். தலை கூர்மையா இருக்கும். வாலு இருக்குல்ல, வாலு, அத அருவாமனையில சாய்ச்சு அரிஞ்ச மாதிரி இருக்கும். தொட்டா சொரசொரன்னு உப்புத்தாள். அதுக்குப் பவுனு மொட்டைவாலன்னு பேரு வச்சா.

“அத்தை, உன் பேரும் பவுனுதான?”

ஊருக்கு ஒரு பவுனுதான் இருக்கணுமா? இவ வேற. கதைக்குள்ள ஆளத் தேடாத.

அப்புறம் டப்பாவுல மண்ணப் போட்டு அத வளத்தா. மண்புழு போடுவா, சர்ருன்னு உறிஞ்சிக்கும். கையில எடுத்தா மோதிரம் மாதிரி விரல்ல சுத்திக்கும், வால ஊனி ஊனி விரல் இடுக்குல நுழையப் பாக்கும். ஒருநாள் நாக்க நீட்டி அவ மணிக்கட்ட நக்குச்சு. அவளுக்குப் பெருமை தாங்கல. “என் பாம்பு என்னைய நக்குச்சு, என் பாம்பு என்னைய நக்குச்சு”ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. அவ ஆத்தா காதுல விழுந்துச்சு. ரெண்டு சாத்து சாத்தி, டப்பாவக் கொண்டுபோய்ப் பேரிமரத்தடியில கவுத்துட்டா. பாம்பு போச்சு. சொன்ன பேச்சு மட்டும் ஊர்ல தங்கிருச்சு.

“ம்.”

வருசம் ஓடுச்சு. பவுனு பெரிய மனுசி ஆயிட்டா. அப்போ அவ மணிக்கட்டுல, சரியா அதே இடத்துல, வெள்ளையா ஒரு தேமல் மாதிரி விழுந்துச்சு. மொதல்ல உளுந்தளவு. அப்புறம் வெத்தலை அகலத்துக்குப் படர்ந்துச்சு. ஊரு விடுமா? “அன்னைக்கே பாம்பு நக்குச்சுன்னாள்ல, மண்ணுளிதான் அது”ன்னு பேசிக்கிட்டாங்க. மண்ணுளி நக்கினா வெள்ளை விழும்னு ஒரு பேச்சு உண்டுல்ல. அதுதான்.

பவுனுக்கு ஒரு தம்பி, காசி. அவன் பொண்டாட்டி சரோசா மாசமா இருந்தா. பொறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பாங்க தெரியுமா? விரலால நாக்குல இனிப்பத் தொட்டு வைக்கிறது. யாரு வைக்கிறாங்களோ அவங்க குணம் பிள்ளைக்கு வரும். பவுனுக்குப் பிள்ளைகுட்டி இல்ல. தம்பி பிள்ளைக்கு நாமதான் சேனைன்னு அவ நெனச்சுக்கிட்டே இருந்தா.

வளைகாப்பு நடந்துச்சு. சரோசா கன்னத்துல சந்தனம் பூசப் பவுனு கைய நீட்டினா. சரோசாவோட அம்மா ஒச்சம்மா, மேல்மலையில பூண்டு வெள்ளாமை பண்றவ, சடக்குன்னு அந்தக் கையத் தட்டிவிட்டா.

“கோவிச்சுக்காத பவுனு. அது மண்ணுளி நக்குன கை. சேனைக்கும் வேற ஆளப் பாத்துக்கறோம். பிள்ளைக்கு வெள்ளை விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“அது மண்ணுளி இல்லத்தை.”

“பின்ன என்ன பாம்பு? நீதான வளத்த, சொல்லேன்.”

பவுனுக்குச் சொல்லத் தெரியல. காசி தரையப் பாத்துக்கிட்டு நின்னான்.

“அப்பாவா?”

அது வேற காசி. ‘ம்’ மட்டும் கொட்டு.

அன்னையில இருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளல. உக்காந்தா எந்திரிப்பா, எந்திரிச்சா நடப்பா. அடுப்புல பால் பொங்கி வழியும், இவ வாசல்ல நின்னு மலையப் பாத்துக்கிட்டிருப்பா. என்ன பாம்பு, என்ன பாம்பு, என்ன பாம்பு. சரோசாவத் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பிள்ளை பொறக்கறதுக்குள்ள தெரிஞ்சாகணுமே.

மொதல்ல மலையடிவாரச் சந்தைக்குப் போனா. அங்க ஒரு பாம்பாட்டி. விசயத்தக் கேட்டுட்டுக் கூடையத் தொறந்தான். உள்ள மண்ணுளி, உருட்டுக்கட்டை மாதிரி மந்தமா கெடந்துச்சு. பவுனு கையில வாங்கினா. கனம். வாலத் தடவினா, கட்டைவிரல் மாதிரி மழமழன்னு இருந்துச்சு.

“இது இல்லண்ணே.”

“இதுவா இருந்தாத்தான் என்ன? நான் நடக்கப் பழகுனதுல இருந்து இதத் தூக்கிட்டுத் திரியறேன். இது நக்கி வெள்ளை விழும்னா, நான் இந்நேரம் சுண்ணாம்படிச்ச செவுராட்டம் நிப்பேன்.”

“இத எங்க சம்பந்தியம்மாகிட்ட வந்து சொல்றீங்களா?”

“பாம்பாட்டி பேச்சச் சம்பந்தியம்மா கேக்குமா? டவுன் காலேஜ்ல பாம்பப் பாட்டில்ல போட்டு வச்சிருக்காங்களாம். போய்ப் பாரு தாயி.”

“ம்…”

தூக்கம் வருதா? வரல, சரி. அப்புறம் காலேஜுக்குப் போனா. வாத்தியாரு ஒவ்வொரு பாட்டிலா எடுத்து வச்சாரு. டங், டங், டங். பவுனு மூக்க ஒட்ட வச்சுப் பாத்தா. எல்லாம் பல வருசமா மருந்துல ஊறிச் சாயம் போயிருந்துச்சு.

“சார், எல்லாமே என் கையாட்டம் வெளுத்துக் கெடக்கே.”

வாத்தியாரு சிரிக்கல. “நிறத்த விடும்மா. வாலு எப்படி இருக்கும்?”

“அருவாமனையில சாய்ச்சு அரிஞ்ச மாதிரி சார். சொரசொரன்னு.”

“அப்ப மண்ணுளி இல்ல. மலை மண்ணுக்குள்ள இருக்கறது, கேடயவால் பாம்புன்னு சொல்வாங்க. யாரையும் கடிக்காது, விஷமும் கெடையாது. உன் கையில இருக்கறது தோல்ல நிறம் போறது, அவ்வளவுதான். அதுக்கும் பாம்புக்கும் சம்பந்தமில்ல. தொட்டா ஒட்டவும் செய்யாது.”

பேரு கெடச்சிருச்சு. ஆனா பேர வச்சு ஒச்சம்மாவ ஜெயிக்க முடியுமா? அந்தம்மா ‘கொண்டு வந்து காட்டு’ன்னுதான கேக்கும். “மழை பேஞ்சு மண்ணு நனைஞ்சா மேல வரும், பழைய எடத்துல பாரு. பாத்துட்டு அங்கயே விட்டுரணும்”னு வாத்தியாரு சொல்லி அனுப்பினாரு.

அப்போ மூணாவதா எங்க போனா?

“பேரிமரம்.”

ஆமா. மழைக்காகக் காத்திருந்தா. வந்துச்சு மழை, சோன்னு. விட்டதும் மண்வெட்டியத் தொடல, பாம்பு மேல பட்டுருமேன்னு வெறுங்கையால கிளறினா. மண்புழு வருது. வேரு வருது. பாம்பக் காணோம். மறுநாளும் காணோம். நகமெல்லாம் மண்ணு. அப்போ பக்கத்து வீட்டுக்காரி ஓடியாந்து, “ஏ பவுனு, சரோசாவுக்கு வலி எடுத்துருச்சாம், மேல்மலை ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்களாம்”னு சொன்னா. பவுனுக்கு மண்ணும் தெரியல, மரமும் தெரியல. கண்ணு முட்டிட்டு வருது. கைய மட்டும் உள்ள விட்டுத் துழாவினா. அப்போ ஏதோ ஒண்ணு விரல்ல சுத்துச்சு. ஊனி ஊனி இடுக்குல நுழைஞ்சுச்சு. சொரசொரப்பு. கைய வெளிய எடுக்கல, குனிஞ்சுகூடப் பாக்கல. “வந்துட்டியா”ன்னு மட்டும் கேட்டா.

“அதே மொட்டைவாலனா அத்தை?”

அதுவா, அதோட பேரனா, யாரு கண்டா. வாலு அதே வாலு.

பால்மாவு டப்பாவுல ஈரமண்ணோட வச்சு பஸ் ஏறினா. வளைவுக்கு வளைவு டப்பா உருளப் பாக்குது, இவ மடியில அழுத்திப் பிடிக்கறா. கண்டக்டர் வந்து, “டப்பாவுல என்னக்கா?”ன்னான்.

“ஊறுகா.”

“மூடியில எதுக்கு ஓட்டை?”

“ஊறுகாய்க்கு மூச்சு முட்டும்ல.”

சிரிக்காத. மெல்ல. நான் போய்ச் சேரவே… அவ போய்ச் சேரவே மத்தியானம் ஆயிருச்சு. பொம்பளப்புள்ள பொறந்து, பால் குடிச்சிட்டுத் தூங்குது. ஆஸ்பத்திரி வெளிவாசல்ல ஒச்சம்மா உக்காந்திருந்தா. பவுனு மூடியத் தொறந்து மண்ண விலக்கிக் காட்டினா.

ஒச்சம்மா எட்டிப் பாத்தா. கண்ணச் சுருக்கித் திரும்பப் பாத்தா.

“இதா?”

“இதான்.”

“ஏண்டி, இது எங்க பூண்டுக் கொல்லையில கெடக்கறதுல்ல. கொத்துக்குக் கொத்து வந்து விழுமே. நான்தான் கையில எடுத்து வரப்புல விடுவேன். இந்த விரல்லதான சுத்திக்கும்…”

சொல்லிக்கிட்டே வந்தவ நிறுத்திட்டா. தன் ரெண்டு கையையும் வெயில்ல நீட்டிப் பாத்தா. பெரட்டிப் பாத்தா. பூண்டும் மண்ணும் ஏறின கருப்புக் கை. வெள்ளைன்னு ஒரு பொட்டு இல்ல.

“இதயா நீ மண்ணுளின்ன?”

“நான் எங்கத்தை சொன்னேன்? நீங்கதான் சொன்னீங்க.”

ஒச்சம்மா சேலைத் தலைப்ப இழுத்து இழுத்துச் செருகினா. அப்புறம் எந்திரிச்சு, “காசி அப்ப இருந்து அக்கா வரட்டும், அக்கா வரட்டும்னு வாசல மறிச்சுட்டு நிக்கறான். பாம்ப அந்த ஓரத்துல மண்ணுல விடு. கைய நல்லா கழுவிட்டு உள்ள வா”ன்னா.

நர்ஸம்மா உள்ள நின்னுக்கிட்டு, “சீனியும் வேணாம், தேனும் வேணாம், தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது”ன்னாங்க. அதனால என்ன, அம்மாவோட பால்லயே விரல நனைச்சு, அந்தப் பிஞ்சு நாக்குல பவுனு தொட்டு வச்சா. பிள்ளை சப்புக் கொட்டுச்சு. ச்ப், ச்ப்.

“அந்தப் பாப்பாவுக்கு யாரு குணம் அத்தை வந்துச்சு?”

யாரு சேனை வச்சாளோ அவ குணம்தான். படுத்தா படுக்காது, புரண்டுக்கிட்டே கெடக்கும், கேள்வியாக் கேட்டுத் தொளைக்கும்.

“நாளைக்கு வர்ற பாப்பாவுக்கு?”

உங்க அம்மாச்சி பொழுது சாயறதுக்குள்ள மூணு தடவை போன் பண்ணிட்டா. மொத பஸ்ஸுக்கு நம்ம ரெண்டு பேரையும் வரச் சொல்லிருக்கா. கைய நல்லா கழுவிட்டு வரணுமாம்.

பாம்பு மண்ணுக்குள்ள போயிருச்சு, கதையும் அது பின்னால போயிருச்சு. நீ போர்வைக்குள்ள போ. கைய இப்படிக் குடு, பிடிச்சுக்கறேன்.

“ம்…”