கிழக்கால போன கட்டிங் மாஸ்டர்

எங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் திருமூர்த்தி பொய் சொல்வார் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். பொய் சின்ன விஷயம், அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். மாஸ்டர் விடுவது புளுகு. அதற்குத் தைரியம் வேண்டும், ஞாபகசக்தி வேண்டும், கேட்கிறவன் கண்ணை நேராகப் பார்க்கத் தெரிய வேண்டும். இத்தனையும் அவரிடம் இருந்தது. ஆனால் மனுசன் திருப்பூரைத் தாண்டிப் போனதெல்லாம் பழனிக்கும் பண்ணாரிக்கும்தான்.

அப்படிப்பட்டவருக்கு ஆயுத பூஜைக் குலுக்கலில் ஒரு கூப்பன் விழுந்தது. கோயமுத்தூரையும் தாண்டி, மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு வாட்டர் பார்க் ரிசார்ட்டில் இரண்டு பேர் இரண்டு நாள் தங்கலாம். வெள்ளிக்கிழமை போய்ச் சனிக்கிழமை திரும்ப வேண்டும், அந்த வாரம் விட்டால் கூப்பன் செல்லாது. மாஸ்டரின் சம்சாரம் கலாமணியக்கா எங்கள் கம்பெனியிலேயே மேல் மாடியில் பேக்கிங். கல்யாணமாகி இருபத்திரண்டு வருசமாக, "எங்கயாச்சும் போலாமுங்க" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர். கூப்பன் விழுந்த அன்று அந்த அக்கா முகத்தைப் பார்த்தபோது எனக்கே சந்தோசமாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் கூப்பனில் இரண்டு பேர் பெயரை எழுதி ஆபீசில் கொடுக்க வேண்டும். மணி ஒன்றரை. மாஸ்டர் இன்னும் எழுதவில்லை. கூப்பனைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, கட்டிங் டேபிள் ஓரத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நானும், செக்கிங் பேபி அக்காவும், டைலர் அந்தோணியும் எதிரே உட்கார்ந்திருந்தோம். அந்தோணிக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான். அவன் கண் சோற்றில் இல்லை, கூப்பனில் இருந்தது.

"மாஸ்டர், அங்க ஒம்பது மாடி உசரத்துல ஒரு சறுக்கு இருக்குதாம்" என்று ஆரம்பித்தான். "நீங்க ஸ்டூல் மேல ஏறி டியூப் லைட் மாட்டறதுக்கே என்னையக் கூப்புடறவரு. உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? கூப்பனை எனக்குக் குடுத்துருங்க. ஸ்டெல்லா ஆசைப்படறா."

மாஸ்டர் கவளத்தை விழுங்கினார். அவர் இடது புருவம் மேலே போனது. அது போனால் நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்துவிடுவோம்.

"ஒம்பது மாடின்னு எவன் சொன்னான்? டேப் வெச்சு அளந்தவன் சொல்றேன். பதினொண்ணு."

"எப்ப அளந்தீங்க?" என்றார் பேபி அக்கா. துணியில் ஒரு ஓட்டை இருந்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிக்கிறவர்.

"போன வெள்ளிக்கெழம."

"போன வெள்ளிக்கெழம வயித்து வலின்னு லீவு போட்டீங்க."

"ஊருக்குள்ள அப்படிச் சொல்லி வெச்சேன். ஏம்மா பேபி, நான் என்னைக்காச்சும் சாம்பிள் போடாம பல்க் கட்டிங் எறக்கியிருக்கறனா? பத்துப் பீசு வெட்டி, துவைச்சுப் பாத்து, சுருங்குதா நீளுதான்னு தெரிஞ்ச பொறவுதான் கத்தியையே எடுப்பேன். பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போற எடத்தை மட்டும் பாக்காம போயிருவனா? அதான் ஒத்தையில ஒரு சாம்பிள் டிரிப்பு அடிச்சுட்டு வந்தேன். பிளான்னா அதுக்குப் பேருதான் பிளான்."

"வெள்ளிக்கெழம மேக்கால சூலமாச்சே" என்றார் பேபி அக்கா. "அன்னைக்கு எப்படி மேக்க போனீங்க?"

அந்தக் கேள்விக்காகவே மாஸ்டர் காத்திருந்தது போலத் தெரிந்தது. தட்டைத் தள்ளி வைத்தார்.

"மேக்க போனேன்னு நான் எங்கயாச்சும் சொன்னனா? சூலம் இருக்கற தெசையில நான் ஒரு எட்டுக்கூட வெக்க மாட்டேன். கெழக்க போனேன். பூமி உருண்டைதானே? கெழக்காலயே போயிட்டிருந்தா மேக்க இருக்கற ஊரு வராம எங்க போயிரும்? வெடியால அஞ்சு மணிக்குக் கரூர் பஸ்ஸப் புடிச்சேன். அங்கிருந்து நாகப்பட்டணம். அதுக்கு அக்கட்டால கடலு. கப்பல்காரன் என்னடான்னா ஆறு மாசமாகும்ங்கறான். போடா நீயும் உன்ற கப்பலும்னுட்டு, தோள்ல வெச்சிருந்த ரிப் துணி ரோலை எடுத்தேன். நம்ம ரிப் துணிதான் இழுத்தா நீளுமே? கரையில நின்ன ரெண்டு பனைமரத்துக்கு நடுவுல கட்டி, நடுவுல நான் உக்காந்துட்டுப் பின்னாலயே நடந்தேன். திருவாரூரு, தஞ்சாவூரு, திருச்சி. துணி நீளுது, நீளுது, கரூர் வரைக்கும் நீளுது. கரூர்ல காலைத் தூக்கினேன்."

"உக்காந்துட்டு எப்படி மாஸ்டர் நடப்பீங்க?" என்றேன் நான்.

"கட்டிங் போடறவனுக்கு உக்காந்தா என்ன நின்னா என்ன? குறுக்க பேசாம கேளு. பர்மா போனதே தெரியல. ஜப்பான்ல ஒரு டீ சொல்லலாம்னு வாயத் தொறந்தேன், மூடறதுக்குள்ள அமெரிக்கா. அங்க ஒருத்தன் ரோட்டோரமா நம்ம கம்பெனி பனியனைப் போட்டுட்டு நிக்கறான். சைடு தையல் கோணல். நான் போற வேகத்துலயும் கண்டுபுடிச்சுட்டேன், அது அந்தோணி தைச்சது."

அந்தோணி முகம் சுருங்கியது. "என்ற தையல் எங்கயுங் கோணாது."

"அமெரிக்கா போயிப் பாத்துட்டு வந்து பேசு. அப்புறம் ஆப்பிரிக்கா, அரபிக்கடலு. பாலக்காட்டுக் கணவாய்க்குள்ள நொழஞ்சு, ரிசார்ட் கேட்டுக்கு முன்னால போயி எறங்குனேன். அதுலயும் மூஞ்சி கெழக்க பாத்துத்தான் எறங்குனேன். செக்யூரிட்டிகிட்ட என்ன கெழமைன்னு கேட்டா, வியாழக்கெழமைங்கறான்."

"வெள்ளிக்கெழம கெளம்பி வியாழக்கெழம போயிச் சேந்தீங்களா?"

"பின்ன? கெழக்கால சுத்துனா நடுக்கடல்ல ஒரு கோடு வருது. அதைத் தாண்டுனா ஒரு நாள் பின்னால போயிரும். படிச்சவங்களைக் கேட்டுப் பாரு."

பேபி அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அந்த வியாழக்கெழம நீங்க இங்க உக்காந்து ஆயிரம் பீசு கட்டிங் போட்டுட்டு இருந்தீங்க. நாந்தான் செக் பண்ணுனேன்."

"அது கெளம்பறதுக்கு முன்னால இருந்த நானு. கேட்டுல நின்னது கெளம்பி வந்த நானு. ரெண்டு பேரையும் போட்டு ஏம்மா கொழப்பிக்கற?"

பேபி அக்கா தண்ணீர் குடித்தார். மாஸ்டர் நிறுத்தவில்லை.

"கேட்டுல சங்கடம் வந்துச்சு. வெளிச்சாப்பாடு உள்ள விடமாட்டாங்களாம். நம்மாளுக கட்டுச்சோறு இல்லாம எந்த ஊருக்குப் போனாங்க? நான் அதுக்கும் பிளான் போட்டுத்தான் போனேன். பனியனுக்கு உள்பக்கமா நாப்பத்தெட்டுப் பாக்கெட்டு வெச்சுத் தைச்சு, ஒவ்வொண்ணுலயும் புளிச்சோறு. செக்யூரிட்டி என்னையத் தடவிப் பாத்துட்டு, 'சார், ஒடம்பு கொதிக்குதே'ன்னான். காச்சல்னேன். பாவம், கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி உள்ள விட்டான். நேரா அலையடிக்கிற கொளத்துல எறங்குனேன். புளிச்சோத்து வாசம் தண்ணியில கலந்துருச்சு. எரநூறு பேரு என்ற பின்னாலயே நீந்தி வர்றாங்க. அது போகட்டும், அலையடிக்கிற மிசினு இருக்குதல்ல, அது மத்த பக்கமெல்லாம் விட்டுப்போட்டு என்ற பக்கமே அலையடிக்குது."

"மிசினுக்கு மூக்கு இருக்குதுங்களா?" என்றான் அந்தோணி.

"உனக்கு இருக்கறப்ப அதுக்கு இருந்தா என்ன? ரூமுக்குப் போனேன். கட்டில் மேல துண்டை மடிச்சு ரெண்டு அன்னப் பறவை பண்ணி வெச்சிருந்தாங்க. புருசன் பொண்டாட்டி வந்தா அப்படி வெப்பாங்களாம். பாத்ததும் எனக்குப் பொறுக்கல. கழுத்து மடிப்புத் தப்பு. துணி விசயத்துல நான் சும்மா இருப்பனா? ரெண்டு பக்கமும் ஒரு இழு இழுத்து, நீவி விட்டு, மடிப்பைச் சரி பண்ணி வெச்சேன். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துச்சுக. ரெக்கையை ஒதறிச்சுக. ஜன்னல் வழியாப் பறந்து போயிருச்சுக. மேனேஜரு ஓடியாந்து துண்டு ரெண்டைக் காணோம்ங்கறான். ஆகாசத்தைக் காட்டுனேன்."

இந்த இடத்தில் எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அந்தோணிக்கு மட்டும் சிரிப்புக்கு நடுவிலும் மணி மேல் கண். ஒன்று நாற்பத்தைந்து.

"சரி, சறுக்கு? பதினொரு மாடி?"

"சொல்றேன். மறுநாள் காலையில மேல ஏறி நின்னேன். அங்கிருந்து பாத்தா திருப்பூரே தெரியுது. எங்க ஊட்டு மொட்டை மாடியில கலாமணி தலை உணத்திட்டு இருக்கறா. 'அம்மிணி'ன்னு ஒரு சத்தம் குடுத்தேன், திரும்பிப் பாத்தா. அப்புறம் உக்காந்தேன். உக்காந்தேன்னு சொல்றதே தப்பு. உக்காரறதுக்குள்ள கீழ வந்துட்டேன். கீழ நின்னு அண்ணாந்து பாக்கறேன், என்ற நெழலு அப்பத்தான் ரெண்டாவது வளைவுல வந்துட்டு இருக்குது. அது வந்து சேரட்டும்னு நின்னு கூட்டிட்டுப் போனேன். நான் கொளத்துல விழுந்த வேகத்துக்குத் தண்ணி பூராம் மேல எந்திரிச்சுப் போயிருச்சு. ஒரு சொட்டு இல்ல. போன வெள்ளிக்கெழம பத்தரை மணிக்கு இங்க மழை பேஞ்சுதா இல்லையா? சாமி சத்தியமாச் சொல்லுங்க."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று பத்தரை மணிக்கு மழை பெய்தது உண்மை.

"பேஞ்சுது" என்றார் பேபி அக்கா, மனசே இல்லாமல்.

"குளோரின் வாசம் அடிச்சுதா?"

பேபி அக்கா யோசித்து மூக்கைத் தேய்த்தார். மாஸ்டர் வெற்றியோடு தட்டை இழுத்து மோர் ஊற்றிக்கொண்டார். அப்போதுதான் அந்தோணி வாயைத் திறந்தான்.

"அப்ப நீங்க எல்லாத்தையும் பாத்தாச்சு. இன்னொருக்கா அங்க போயி என்னங்க பண்ணப் போறீங்க? கூப்பனைக் குடுங்க மாஸ்டர்."

மாஸ்டர் கை மோரிலேயே நின்றது. இப்படி ஒரு வழி இருப்பதை அவர் நினைக்கவே இல்லை. "அது எப்படி... எனக்கொண்ணும் ஆசையில்ல... கலாமணிக்காகத்தான் போறேன். அவளுக்காக இந்தக் கஷ்டத்தை மறுக்காப் படறேன்."

"நீங்க எதுக்குங்க கஷ்டப்படறீங்க?"

துணி ரோல் அடுக்கி வைத்திருந்த பக்கமிருந்து குரல் வந்தது. கலாமணியக்கா கையில் ரசச் செம்போடு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்தால் நாகப்பட்டணத்திலிருந்தே நிற்கிற மாதிரி இருந்தது.

அக்கா செம்பைக் கீழே வைத்துவிட்டு, மாஸ்டரின் சட்டைப் பையிலிருந்து கூப்பனை எடுத்தார். மார்க்கிங் பேனாவை எடுத்தார். "நீங்க பாத்தாச்சு. பேபி பாத்ததில்ல, நானும் பாத்ததில்ல. நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்தர்றோம். சூலத்துக்கு வெல்லத்தை வாயில போட்டுக்கறோம். எங்களால அமெரிக்காவெல்லாம் சுத்த முடியாது."

"அம்மிணி" என்றார் மாஸ்டர்.

"சொல்லுங்க. போன வெள்ளிக்கெழம நீங்க போகலீன்னா போகலீன்னு சொல்லுங்க, உங்க பேரை எழுதறேன்."

பேனா கூப்பன் மேலேயே நின்றது. நாங்கள் மூன்று பேரும் மாஸ்டரைப் பார்த்தோம். மனுசன் மனசுக்குள் படுகிற பாடு முகத்தில் அப்படியே தெரிந்தது. அவருக்கு அங்கே போக வேண்டும் என்று கொள்ளை ஆசை. புதுசாக ஒரு அரைக்கால் டவுசர் தைத்து டேபிள் டிராயரில் ஒளித்து வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு வார்த்தை உண்மையாகச் சொன்னால் போதும். எனக்குப் பாவமாக இருந்தது, சொல்லிவிடுங்கள் மாஸ்டர் என்று வாய்வரை வந்தது. அவர் அந்தோணியைப் பார்த்தார். பேபி அக்காவைப் பார்த்தார்.

"போயிட்டு வா அம்மிணி" என்றார். "நான் பாத்த எடந்தானே."

வெள்ளி, சனி இரண்டு நாளும் மாஸ்டர் கம்பெனியில் பேசவே இல்லை. மத்தியானச் சோற்றுக்கு ஓட்டல் பொட்டலம். அந்தோணிகூட வாய் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் பேபி அக்கா தட்டோடு வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக, "அந்தப் பெரிய சறுக்கு மூடிக் கெடக்குது" என்றார். "ரெண்டு மாசமா ரிப்பேராம்."

எல்லோரும் மாஸ்டர் பக்கம் திரும்பினோம். இரண்டு நாளாகத் தொங்கிப்போயிருந்த இடது புருவம் மெல்ல ஏறியது.

"ரிப்பேரு ஆகாதா பின்ன? நான் எறங்குன எறக்கத்தைத் தாங்குமா அது?"

"நீங்க எறங்குனது பத்து நாளைக்கு முன்னால. அது மூடுனது ரெண்டு மாசத்துக்கு முன்னால."

"அந்த நடுக்கடல் கோட்டைத் தாண்டறப்ப வேகம் கொஞ்சம் சாஸ்தி. ஒரு நாள் பின்னால போனேன்னு நெனச்சேன், ரெண்டு மாசம் போயிட்டேனாட்டம் இருக்குது."

அந்தோணி கையெடுத்துக் கும்பிட்டான். கலாமணியக்கா மட்டும் சிரிக்கவில்லை. மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தட்டில் ரசத்தை ஊற்றினார். வெயிலில் ஆடி அக்கா முகம் கறுத்துப் போயிருந்தது, ஆனால் அப்படி ஒரு களை.

"நல்லா இருந்துச்சுங்க" என்றார். "ஆனா நீங்க இல்லாம ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. சறுக்கு மூடி இருந்ததுக்காக, தொறந்த பொறவு இன்னொருக்கா வரச் சொல்லி அவங்களே ஒரு கூப்பன் குடுத்தாங்க. அடுத்த மாசம் தொறக்கறாங்களாம். உங்க பேரையும் என்ற பேரையும் அங்கயே எழுதிக் குடுத்துட்டேன்."

மாஸ்டர் முகம் மலர்ந்த மலர்ச்சியைச் சொல்லி முடியாது. பாதி மலர்ந்ததும் அப்படியே நின்றது.

"சறுக்குக்கும் சேத்தா?"

"சறுக்குக்குத்தான். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து எறங்கோணும். எனக்குப் பயமில்லீங்க, நீங்கதான் முன்னமே எறங்குனவராச்சே." அக்கா குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் எங்களுக்குக் கேட்டுவிட்டது. "கண்ணை மூடிக்கலாமான்னு கேட்டேன். மூடிக்கலாம்னு சொன்னாங்க."