உறை பிரிக்காத கீபோர்டு

தூத்துக்குடி மீன் கிடங்கில் லாரிகள் வெளியே போக கேட் பாஸ் போடுவது அமிர்தகலாவின் வேலை. கணக்கெல்லாம் சென்னையில் இருக்கும் சர்வரில். இங்கிருந்தே டெர்மினல் என்னும் மென்பொருள் வழியாக அதற்குள் நுழைந்து, எஃப் பத்து விசையை அழுத்தினால்தான் பாஸ் அச்சாகும். அன்று அழுத்தியபோது திரையில் வெறும் நெளிகோடு (~) வந்தது. வெளியே மீன் ஏற்றிய லாரியில் ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது.

காலையில்தான் டெர்மினல் செட்டிங்கை மாற்றிவிட்டுப் போயிருந்த சிஸ்டம் அதிகாரி பரந்தாமன் பாய்ந்து வந்தார். "ஓங்கி ஓங்கி அடிச்சு கீபோர்டைக் கொன்னுட்டியேம்மா! லாரி கிளம்பலைன்னா நாளையிலிருந்து நீ வரவேண்டாம்."

"என் கை பட்டுக் கெட்டதாவே இருக்கட்டும் சார். உங்க கை மட்டும் பட்ட கீபோர்டைக் கொண்டாங்க. அதுல பாஸ் வந்தா நான் இப்பவே வீட்டுக்குப் போறேன். அதுலயும் நெளிகோடு வந்தா, காலையில டெர்மினல் செட்டிங்ல நீங்க மாத்தினதைப் பழையபடி வைக்கணும்."

"அவ்வளவுதானே!"

வாங்கி ஒரு வருஷமாகியும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத தன் கீபோர்டைக் கொண்டுவந்து மாட்டி, பெருமையாக அழுத்தினார். நெளிகோடு!

"உறை தடுக்குது" என்று அதைக் கிழித்தெறிந்துவிட்டு மறுபடி அழுத்தினார். இன்னொரு நெளிகோடு!

வாசலில் நின்ற லாரி டிரைவர் செபஸ்தியான், "மெதுவா சார்! அதையும் கொன்னுடாதீங்க" என்றார்.

பரந்தாமன் உட்கார்ந்து, மாற்றியதைப் பழையபடி வைத்தார். அமிர்தகலா தன் பழைய கீபோர்டை மாட்டி, ஒற்றை விரலால் தொட்டாள். பிரிண்டர் கரகரவென்று பாஸைத் தள்ளியது.

செபஸ்தியான் தரையில் கிடந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பாஸை அதில் சுற்றிக்கொண்டார். "ஐஸ் தண்ணி படாது. ரொம்ப உபகாரம் சார்!"